அப்பா செத்துப்போன வியாழக்கிழமை

வங்கி மேலாளர் கையை விரித்தார். நிஜமாகவே இரண்டு கையையும் மேஜைமேல் விரித்து வைத்தார், மோதிரங்களைக் காட்டுகிறவர் மாதிரி. கல்விக் கடன் கிடையாதாம். மதிப்பெண்ணில் குறையில்லை, பல்கலைக்கழகம் கொடுத்த அனுமதிக் கடிதத்தில் குறையில்லை, என்னிடமும் குறையில்லை. குறை எல்லாம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தது. அதாவது அப்பா.

நாலு வருஷத்துக்கு முன்னால் என் தாய்மாமா ஐஸ்கட்டி மிஷின் ஒன்று வாங்கினார். அதற்கு அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். வீட்டில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. மிஷின் ஒரு கோடைகூட ஓடவில்லை, மாமாதான் ஓடினார். எந்த ஊரில் இருக்கிறார் என்று அவர் கூடப் பிறந்த என் அம்மாவுக்கே தெரியாது. கடன் மட்டும் எங்கேயும் ஓடாமல் அப்பாவின் பெயரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. "ஜாமீன் போட்டவர் பேரே கெட்டுக் கிடக்கும்மா. அவர் பொண்ணுக்கு நான் எப்படி எழுதுறது?" என்றார் மேலாளர்.

வெளியே வந்ததும் அப்பா என்னைப் பார்த்தார். நான் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்தேன். அன்றிலிருந்து அவரிடம் பேசுவதை நிறுத்தினேன். "உப்பை இங்கே தள்ளச் சொல்லும்மா" என்று அம்மா வழியாகத்தான் எல்லாம் நடந்தது. எனக்குக் கோபம் வந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். அப்படிப்பட்டவளுக்கு இந்த முறை ஒரு வசவுகூட வாயில் வரவில்லை. அது எனக்கே பயமாக இருந்தது.

நான் படிக்க நினைத்தது புள்ளியியல். முதல் தவணை கட்டக் கடைசி நாள் இருபதாம் தேதி. கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அதனால் எல்லாக் கதவையும் தட்டினேன். சோப்புக் கம்பெனி ஒன்று சுத்தத்தைப் பற்றிக் கட்டுரைப் போட்டி வைத்தது. இரண்டாம் பரிசு வாங்கினேன், ஒரு பெட்டி சோப்பு. இணையத்தில் உதவி கேட்டு ஒரு பக்கம் திறந்தேன். எண்பத்தேழு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். ஒரே ஒருவர் பணம் போட்டார், பக்கம் வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்த்த அம்மா. அத்தையிடம் போனேன். "பொம்பளைப் பிள்ளைக்குப் புள்ளி என்ன, கோடு என்ன?" என்று கேட்டுவிட்டு, பழைய குடை ஒன்றைக் கொடுத்து அனுப்பினாள். அதுவும் கம்பி உடைந்தது.

கடைசியில் அம்மாதான் ஓர் அறக்கட்டளையைக் கண்டுபிடித்தாள். அம்மாவின் தொழில் மனு எழுதுவது. அரசு அலுவலகத்துக்கு எதிரே, நகல் எடுக்கும் கடையின் ஓரத்தில் அவளுக்கு ஒரு மேஜை, ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் கண்ணீரைக் காகிதத்தில் பிழிந்து கொடுக்கிறாள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது அவளுடைய வேதம். அவள் எழுதிய மனுவைப் படித்தால் கல் நெஞ்சு அதிகாரிகூட ஒரு நிமிஷம் பேனாவைக் கீழே வைப்பார். வருகிறவர்களில் பாதிக்கு மேல் உதவித்தொகை கேட்கும் விதவைகள். எனவே அவள் விரல்களுக்கு ஒரு தொடக்க வரி மனப்பாடம். கண் வாடிக்கையாளரிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கும், விரல் தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டு போகும்.

எனக்கான விண்ணப்பத்தையும் அப்படித்தான் அடித்தாள், வரிசையில் நின்ற ஏழு பேரை அதட்டிக்கொண்டே. நான் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். அம்மா எழுதிய மனுவை யாரும் படித்துப் பார்ப்பதில்லை, நம்பித்தான் போடுவார்கள்.

பத்து நாளில் பதில் வந்தது. தபாலைப் பிரித்தவர் அப்பா. பிரித்தவர் சத்தமாக வேறு படித்தார்.

"'குடும்பத்தின் ஒரே ஆதாரமான தங்கள் தந்தையார் மறைந்த செய்தி அறிந்து மிகவும் வருந்துகிறோம்.' யாருடி செத்தது?"

அம்மா தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். பிறகு விண்ணப்பத்தின் நகலைத் தேடி எடுத்துப் பார்த்தாள். முதல் வரியிலேயே அப்பா காலமாகியிருந்தார். இரண்டாவது வரியில் நாங்கள் நிர்க்கதியாக நின்றோம். மூன்றாவது வரி அவ்வளவு நன்றாக இருந்தது, எங்கள் மேல் எனக்கே பரிதாபம் வந்தது.

"கை பழக்கம்ங்க" என்றாள் அம்மா.

"என்னைக் கொல்றது உனக்குக் கை பழக்கமா?"

"திருத்தி ஒரு மனு போட்டுடறேன்."

நான்தான் வேண்டாம் என்றேன். அதை ஒளிக்கப் போவதில்லை. கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது: வியாழக்கிழமை பத்து மணிக்கு அலுவலர் நேரில் வருவார், எல்லாம் சரியாக இருந்தால் வருஷக் கட்டணம் முழுவதும் அறக்கட்டளையே கட்டும். இருபதாம் தேதிக்கு ஆறு நாள் இருந்தது. தவிர, அப்பா மேல் எனக்கிருந்த கோபத்துக்கு அவர் ஒரு காலைப்பொழுது செத்துப் போவது ஒன்றும் பெரிய விலையாகத் தெரியவில்லை. "ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம்னா, ஒரு பொய் சொல்லிப் படிக்கக் கூடாதா? அம்மா, நீயே கேளு" என்றேன்.

அம்மா கேட்பதற்குள் அப்பாவே சொன்னார். "சரி, செத்துட்டுப் போறேன். எத்தனை மணி வரைக்கும்?"

"இறப்புச் சான்றிதழ் கேட்டா?" என்றேன் அம்மாவிடம்.

"விண்ணப்பிச்சிருக்கோம், இன்னும் வரலைன்னு சொல்லுவோம். எங்க எதிர் ஆபீஸைத் தெரிஞ்ச யாரும் அதைச் சந்தேகப்பட மாட்டாங்க."

வியாழக்கிழமை காலையில் அப்பாவின் செருப்பு, சட்டைகள், மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அவரைப் பத்து தெரு தள்ளி எங்காவது போய் இருக்கச் சொன்னாள் அம்மா. அவர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். அப்பா பிளம்பர் என்று சொல்ல மறந்துவிட்டேன்.

வந்த மேடத்துக்கு ஐம்பது வயதிருக்கும். மூன்று மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. மடியில் ஓர் அட்டை, அதில் கிளிப் போட்ட தாள்கள். அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்தவர் அழுகையை எழுதிக் கொடுப்பவளுக்குச் சொந்தமாக அழ வரவில்லை, தும்மல்தான் வந்தது. மேடம் நாலு கேள்வி கேட்டார், குறித்துக்கொண்டார். பிறகு, "கை கழுவணும், படியில கைப்பிடி ஒரே பிசுக்கு" என்று எழுந்து சமையலறைக்குப் போனார்.

பிளம்பர் வீட்டுக் குழாயை நம்பக் கூடாது. ஊர்க் குழாயெல்லாம் சரி செய்கிறவருக்குச் சொந்தக் குழாய் என்றால் நாளைக்கு, நாளைக்குத்தான். துணி சுற்றி வைத்திருந்த குழாயை மேடம் ஒரு திருகு திருகினார். தலை கையோடு வந்துவிட்டது. தண்ணீர் கூரையில் போய் அடித்தது.

"ஏங்க! ஏங்க, ஓடி வாங்க!" என்று அலறினாள் அம்மா, செத்துப்போன புருஷனை.

அவரும் வந்தார். பத்து தெரு தள்ளிப் போகவே இல்லை. மொட்டை மாடிப் படிக்கட்டில்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார். தண்ணீர் வீணாகிற சத்தம் கேட்டால் அப்பாவால் சும்மா இருக்க முடியாது, செத்திருந்தாலும் எழுந்து வந்துவிடுவார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கதவுக்குப் பின்னால் இருந்த வால்வை மூடினார். ஓட்டத்தின் வேகம் குறைந்தது, முழுதாக நிற்கவில்லை. தொப்பலாக நனைந்தபடி எங்கள் மூவரையும் பார்த்தார்.

"பிளம்பருங்க" என்றார் மேடத்திடம்.

மேடம் ஈரத்துக்குத் தப்பி நாற்காலியில் ஏறிக் காலைத் தூக்கிக்கொண்டார். அட்டையைத் துடைத்தார். "நல்லதாப் போச்சு. அக்கம்பக்கத்துல ஒருத்தர்கிட்ட விசாரிக்கணும்னு எங்களுக்கு விதி. இந்த வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்படிப்பட்டவர்?"

அப்பா ஸ்பேனரால் குழாயை இறுக்கிக்கொண்டே பேசினார். "நல்லவன்னு எல்லாரும் சொல்லுவாங்க. முட்டாள்னுதான் நான் சொல்லுவேன். மச்சான் கேட்டான்னு ஆழம் தெரியாம காலை விட்டான். பெண்டாட்டிகிட்டகூடச் சொல்லலை. அதனால பொண்ணு பேங்க்ல போய் நின்னப்போ இல்லைன்னுட்டாங்க. அது நல்லாப் படிக்கிற பொண்ணுங்க. கோபக்காரி. வாயைத் திறந்தா நாம காதைப் பொத்திக்கணும். அன்னைக்கு அது ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா வாங்கிக்கிட்டு இருந்திருப்பான். அதுக்குக்கூட லாயக்கில்லைன்னு விட்டுடுச்சு." ஸ்பேனர் வழுக்கியது, திரும்ப மாட்டினார். "போகட்டும். செத்தப்புறமாவது பிள்ளைக்கு உபயோகப்படுறானே."

எனக்கு வந்தது அவமானம்தான், வேறு பெயர் சொல்லி ஏமாற்ற முடியாது.

"அப்பா, போதும்" என்றேன்.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள், தண்ணீரிலேயே.

மேடம் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "குழாய்ப் பக்கத்துலயே ஷேவிங் பிரஷ் நுரையோட இருந்தது" என்றார். "இந்த வருஷம் நான் பார்க்கிற மூணாவது செத்த அப்பா இவரு. மத்த ரெண்டு பேரும் பைப் ரிப்பேர் பண்ணலை." பிறகு பேனாவை மூடாமல் சொன்னார். "அப்பா இல்லாத பிள்ளைங்களுக்கு முழுக் கட்டணம். இருக்கிறவங்களுக்குப் பாதிதான். தண்ணிச் சத்தத்துல நீ கூப்பிட்டது என் காதுல சரியா விழலை. என்ன சொன்னே?"

அவர் என்னைச் சோதித்தாரா, காப்பாற்றப் பார்த்தாரா, இன்றுவரை தெரியாது. அப்பா அவசரமாகத் தலையை ஆட்டினார், சொல்லாதே என்று. அம்மாவும் ஆட்டினாள். இருவரும் ஒரே விஷயத்துக்குத் தலையாட்டி நான் பார்த்ததில்லை.

"இவர்தான் எங்க அப்பா" என்றேன்.

மேடம் விண்ணப்பத்தின் முதல் வரியைக் கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் 'தட்டச்சுப் பிழை' என்று எழுதினார். அம்மாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. "இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தட்டச்சுப் பிழை கிடையாது மேடம்!" என்று தண்ணீரில் இருந்தபடியே ஆட்சேபித்தாள். முதல் தவணைக்குப் பாதி போதும், காசோலை திங்கட்கிழமை வரும், மீதியை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டு மேடம் படியிறங்கிப் போனார்.

மீதியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எங்கள் மூவருக்கும் தெரியவில்லை. அப்பா குழாயைப் பார்த்துக்கொண்டே, "கெடுத்துட்டியே. நான் இல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார்.

அதோடு எனக்கு வாய் திறந்துகொண்டது. "அறிவு இருக்கா உங்களுக்கு? யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டீங்க? அந்த ஆளு வட்டத்துக்கும் சதுரத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன், அவன் ஐஸ் வித்து உங்களைக் காப்பாத்துவானா? அம்மாகிட்ட சொன்னீங்களா? என்கிட்ட சொன்னீங்களா? இதுல செத்துப் போறாராம்! என்னை நடுத்தெருவுல விட்டுட்டு வசதியாப் போய்ச் சேர்ந்துடலாம்னு பார்த்தீங்களா?" கீழ் வீட்டு ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. நான் நிறுத்தவில்லை. அழுதுகொண்டே திட்டினேன், மூக்கைத் துடைத்துக்கொண்டு திட்டினேன், அத்தை கொடுத்த குடைக்கும் சேர்த்துத் திட்டினேன். அம்மா வாளியால் தண்ணீரை மொண்டு கொட்டிக்கொண்டே நடுநடுவே, "நல்லாக் கேளு" என்றாள்.

மூச்சு வாங்க நிறுத்தினேன். அப்பாவின் முகத்தில் மூன்று வாரமாக இல்லாத ஒரு தெளிவு வந்திருந்தது.

"இன்னும் இருக்கா?" என்றார்.

"நிறைய இருக்கு."

"சொல்லு" என்று ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, ஈரத் தரையில் எனக்கு எதிரே வசதியாக உட்கார்ந்தார்.