உயிரோடு இருப்பதாக ஓர் அறிவிப்பு

அருள்மலை வானொலியில் என்னை அறிவிப்பாளராகத்தான் சேர்த்தார்கள். முதல் வாரமே கோம்பையிலிருந்து ஒருவர் போன் பண்ணி, என் குரல் கேட்டதும் அவர் வீட்டு நாய் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துவிட்டதாகச் சொன்னார். வேட்டைக்குப் பேர்போன கோம்பை நாயே பயப்படுகிற குரலை மனிதர்கள் மேல் ஏவக் கூடாது என்று முடிவு செய்த நிலையத்தை நடத்தும் தேவாலயத்தின் பங்குச்சாமி ஞானதுரை, நிலையத்தின் இருபதாண்டு வரலாற்றை எழுதும் வேலையைக் கொடுத்தார்.

வரலாறு என்று பார்த்தால் எங்களை வளர்த்தது ஜெபமாலையும் இல்லை, திராட்சைக்கு மருந்தடிக்கும் யோசனையும் இல்லை. காலை துக்க அறிவிப்புதான். எந்தச் சாமியைக் கும்பிட்டவர் செத்தாலும், பெயரும் ஊரும் அடக்க நேரமும் எங்கள் ரேடியோவில் வந்தால்தான் சாவு உறுதி. அந்த நேரம் மட்டும் உத்தமபாளையம் டீக்கடைகளில் கிளாஸ் சத்தம் கேட்காது. அதை வாசித்தே பெயர் வாங்கியவர் எங்கள் முதல் அறிவிப்பாளர், பங்குக் கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் பிரான்சிஸ்.

அவருடைய ஒரே மகள் ஜான்சி, சின்னமனூர் முத்துராஜாவைக் காதலித்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டிக்கொண்டாள். மறுநாள் காலை உபதேசியார் வழக்கம்போல மைக் முன்னால் உட்கார்ந்தார். மற்ற சாவுகளை வாசித்து முடித்துவிட்டு, "பிரான்சிஸ் மகள் ஜான்சி நேற்று காலமானார். அடக்கம் முடிந்துவிட்டது" என்றார். மற்றவர்கள் தலைமுழுக ஆற்றுக்குப் போவார்கள். இவருக்கு அலைவரிசை போதுமானதாக இருந்தது. ஜான்சியோடு படித்த பெண்கள் மாலையோடு கிளம்பி, பஸ்ஸில் அவளே ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அலறினார்களாம்.

சிரிக்கலாம். ஆனால் அன்றோடு ஊரில் ஒருவரும் அவளிடம் பேசவில்லை. அம்மா ஆரோக்கியம்மாள் இறந்தபோது ஓடிவந்தவளை, "செத்தவளுக்கு எழவு வீட்டுல என்ன சோலி?" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். உள்ளே இருந்த உபதேசியார் எழுந்து வரவில்லை.

இப்போது அவருக்கு நுரையீரல் பாதி போய்விட்டது. வரலாறு கேட்கப் போன என்னைப் பிடித்துக்கொண்டார்.

"வரலாறு கெடக்கட்டும் தம்பி. எம்மகளக் கூட்டிட்டு வாங்க. கண்ணால பாத்துட்டுப் போயிர்றேன்."

சின்னமனூரில் வாழைக்காய் மண்டி வைத்திருந்த ஜான்சி, என்னை உட்காரச் சொல்லவில்லை.

"ரேடியோவுல கொன்னாகல்ல? ரேடியோவுலயே எழுப்பச் சொல்லுங்கண்ணே. பேரு, ஊரு எல்லாஞ் சொல்லி. அன்னைக்கே வாரேன்."

பங்குச்சாமியிடம் போய்ச் சொன்னேன்.

"கோட்டி புடிச்சிருக்காய்யா ஒனக்கு? ஒரு சாவு பொய்யின்னு நாமளே சொன்னா, வாசிச்ச சாவு அம்புட்டும் சந்தேகமாயிரும். லைசென்ஸ் புதுப்பிக்கிற நேரம் வேற."

ஆனால் முதல் அறிவிப்பாளர் இல்லாமல் இருபதாம் ஆண்டு விழாவா? உபதேசியாரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிவந்து ஸ்டுடியோவுக்குள் வைத்தோம். மகள் கேட்டதை அவர் காதிலும், விழா நாளை மகள் காதிலும் நான் முன்பே போட்டிருந்தேன். நேரலை. ஹெட்போன் வேண்டாமென்றுவிட்டார், அவர் காலத்தில் அதெல்லாம் கிடையாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் சாமியும்.

சிவப்பு விளக்கு எரிந்தது. "பள்ளத்தாக்கு மக்கள் எல்லாருக்கும் கும்பிடு" என்று தொடங்கி, மூச்சு வாங்கி, "எம்மக ஜான்சி..." என்றார்.

சாமியின் கை நீண்டு மைக்கின் விசையைக் கீழே இழுத்தது. கம்ப்யூட்டரிலிருந்து பாட்டு ஓடத் தொடங்கியது. விளக்கை அணைக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார். "எரியட்டும். பெரியவரு மனசு நோகும்."

ஸ்டுடியோவுக்குள் பாட்டு கேட்காது. உபதேசியார் யாருக்கும் போகாத மைக்கில் முழுவதும் பேசினார். பதிவு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "சின்னமனூர் முத்துராஜா சம்சாரம் ஜான்சி சாகல. உசுரோட இருக்கா. நாந்தேன் பொய் வாசிச்சேன். எம்மேல காறித் துப்புங்க, அவகிட்டப் பேசுங்க." சாமி உள்ளே போய் அவர் கையைப் பிடித்து, "பிரமாதமாப் பேசுனீக" என்றார். நானும் தலையாட்டினேன். என் குரலைப் போலத்தான் என் வீரமும்; யாரும் கேட்டதில்லை.

பதிவை போனில் ஏற்றிக்கொண்டு சின்னமனூருக்குப் போனேன். ஜான்சி தார்களுக்கு நடுவே நின்றபடியே கடைசிவரை கேட்டாள்.

"காலையிலருந்து ரேடியோவ வச்சுக்கிட்டேதேன் இருந்தேன். கும்பிடுன்னாக, ஒடனே பாட்டு வந்துருச்சு. இது எப்ப வந்துச்சு?"

"வரலம்மா. சாமி நிப்பாட்டிட்டாக."

"அப்ப ஊருக்குத் தெரியாது."

"தெரியாது."

"எங்கிட்டச் சொல்ல ரேடியோ எதுக்குண்ணே? கொன்னது ஊரறிய, எழுப்புறது இங்கன, வாழத்தாருக்கு நடுவுலயா? அங்கன வந்தா வாசல்ல நிப்பாட்டி இன்னொருக்காச் செத்தவம்பாக. ஒருக்காப் போதும்." கண்ணைத் துடைத்ததில் வாழைக்கறை முகத்தில் ஏறியது. கிளம்பும்போது ஒரு சீப்புப் பழத்தை என் கையில் திணித்தாள். "அவருக்கில்ல. நீங்க தின்னுங்க."

உபதேசியார் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, வாசலைப் பார்த்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"கேட்டாளா?"

"முழுசாக் கேட்டாகய்யா."

"கொரல் ஒடஞ்சிருந்துச்சா?"

"இல்லய்யா. தெளிவா இருந்துச்சு."

முகம் மலர்ந்துவிட்டது. பிறகு யோசித்தார். "பொறகென்ன இம்புட்டு நேரம்? சின்னமனூரு என்ன சீமையிலயா இருக்கு?"

"வீரபாண்டித் திருவிழால்லய்யா. பஸ்ஸெல்லாம் கூட்டம்."

"ஆமா, கூட்டமாத்தேன் இருக்கும்" என்று எனக்காக அவரே சமாதானம் சொன்னார். பக்கத்து வீட்டு ரோஸ்லின் கஞ்சியோடு வந்து நின்றாள். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லையாம்.

"கொண்டு போத்தா. எம்மக வந்து குடுப்பா."

ரோஸ்லின் என்னைப் பார்த்தாள். பஸ் வருகிறதா என்று பார்க்கப் போகிறவனைப் போல எழுந்து தெருவுக்குப் போனேன்.