சட்டிமுடியைத் தலையில் சுமந்தவள்

1

ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதையை முதலமடை மாங்காய் மண்டியில் வாங்கினேன். அங்கே துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவோம். வாயால் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும். மூணாற்று லாரிக்காரர் சொன்னதைக் கொஞ்சம் தட்டிக் குறைத்தே எடுத்துக்கொண்டேன்.

முதல் வரி: ‘1974 மார்கழியில் சட்டிமுடி* நெருப்பைக் கக்கி—’

[அடித்துவிட்டேன். அழகுத்தாய் சம்மதிக்கவில்லை.]

* பெயர் நான் வைத்தது. வரைபடத்தில் தேடவேண்டாம்.

2

அழகுத்தாய் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். கூலிக்காரர்களின் பதினெட்டு வீடுகள் வரிசையாக உள்ள அவள் லயம் சட்டிமுடியின் அடிவாரத்தில் இருந்தது. உச்சியில் சட்டிபோல் ஒரு பள்ளம். மார்கழிக் காலையில் அதிலிருந்து மூடுபனி புகையாக எழும். அவள் புருஷன் வீரபாண்டி சும்மா இருந்திருக்கலாம். புது மேனேஜரிடம், “உள்ள நெருப்பு கெடக்கு தொரை. தாத்தா காலத்துல பொங்குச்சாம்” என்று அளந்துவிட்டான்.

மறுவாரமே லயத்தைக் காலிசெய்ய உத்தரவு. எங்கே போவது என்று உத்தரவில் இல்லை.

3

மலையைப் பார்த்து அறிக்கை எழுத, கல்லை ஆராயும் அதிகாரி வெங்கிடேஸ்வரன் வந்தார். கல்பாத்திக்காரர். ரத்தம் குடிக்கும் அட்டைக்குப் பயந்து மேனேஜர் பங்களா வராந்தாவிலிருந்தே பார்த்தார்: கூம்பு, பள்ளம், புகை. ‘எரிமலை’ என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

(இங்கே முடித்தால் சோகக்கதை. பரிசுகூடக் கிடைக்கும். ஆசைதான்.)

அழகுத்தாய் தலைச்சுமையாக அம்மியைக் கொண்டுவந்து இறக்கினாள்.

“நீங்க மேல ஏற மாட்டீகன்னு தெரியும். இது உச்சியில வெட்டுன கல்லு. பாருங்க.”

அவர் தண்ணீர் ஊற்றித் துடைத்தார். வெள்ளையும் கறுப்புமாய் வரிகள். நடுவே மினுங்கும் துகள்கள்.

“நெருப்புக் குழம்பு ஆறின கல்லுன்னா இப்படி வரிவரியா இருக்காது. குமிழ் குமிழாத் துளைகூட இருக்கும். இது பூமிக்கடியிலே யுகயுகமா அழுந்தி வெந்த கல்லாக்கும்.”

“துளை இருந்தா எந் துவையலு பூரா அதுக்குள்ளல்ல போயிருக்கும்.”

“அப்ப மலை பொங்கவே இல்லையா?” என்றான் வீரபாண்டி.

“நீதான் பொங்குன. வாய மூடு” என்றாள் அழகுத்தாய்.

4

அறிக்கை மாறியது. ‘லயம் அங்கேயே இருக்கட்டும்’ என்றார் மேனேஜர். நான் முற்றுப்புள்ளி வைத்தேன். அழகுத்தாய் அதைத் தூக்கி எறிந்தாள்.

“எரியாத மலைன்னு எழுதியாச்சு. ஒழுகாத கூரைன்னு எப்ப எழுதுவீக, தொரை? பதினெட்டு வீட்டுக்கும் புதுத் தகரம் வேணும்.”

“நாலு வீட்டுக்குப் பார்க்கலாம்.”

அவள் அம்மிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கடைசியில் எத்தனைக்குப் படிந்தது? வாயால் சொல்லமாட்டேன். துண்டை விரித்திருக்கிறேன், கையை உள்ளே விட்டு எண்ணிக்கையை நீங்களே பேசிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன்: உள்ளே காத்திருப்பது என் கை இல்லை.