அதே குரூப்பில் ஒரு மன்னிப்பு

"ஆனந்தகுமார் சார் ஜீவிதாகிட்ட மன்னிப்புக் கேக்கணும் மேடம்."

சொல்லிவிட்டேன். இந்தப் பேச்சை மட்டும் எடுக்கவே கூடாது என்று தலைமையாசிரியை தில்லையம்மாள் போன வாரமே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "டிசி குடுக்காதீங்கன்னு கேளு, கேட்டுக்கறேன். அந்தப் புள்ளைக்கு ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கறேன்னு சொல்லு, எடு. வாத்தியார் போய்ப் புள்ளைகிட்ட மன்னிப்புன்னு மட்டும் வாயைத் திறந்துடாதே." அப்போது தலையாட்டிவிட்டு வந்தேன். தலையாட்டினது இப்போது நினைத்தாலும் எரிகிறது.

ஆனந்தகுமார் சார் அதே அறையில்தான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பத்தாம் வகுப்பு ஆ பிரிவின் வகுப்பாசிரியர், கணக்கு வாத்தியார். நான் பேசினது மின்விசிறிச் சத்தம் மாதிரி, காதிலே விழாதவர் போல மேஜைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வராண்டா பெஞ்சில் ஜீவிதாவும் அவள் அப்பா முனிசாமியும் இருந்தார்கள். தாமல் கிராமத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்தவர்கள். முனிசாமிக்கு டிசி வேண்டும். ஜீவிதாவுக்கு டிசி வேண்டாம், ஆனால் ஒரு நிபந்தனை. ஞாயிற்றுக்கிழமை போனில் என்னிடம் சொன்னாள்: "சார் அதே குரூப்புல சொல்லட்டும் மிஸ், நான் பண்ணது தப்புன்னு. வேற ஒண்ணும் வேணாம். வீடியோவைப் பாத்துக் கட்டைவிரல் காட்டினாங்க இல்ல, அவங்கல்லாம் பாக்கட்டும். நான் ஸ்கூலுக்கு வந்துடறேன்."

இவ்வளவுதான் கேட்டாள். ஒரு வரி.

நடந்ததைச் சொல்கிறேன். மேலே இருந்து ஆசிரியர்களுக்கு ஒரு ஆன்லைன் பயிற்சி வந்தது. மாணவர்களை நல்ல டிஜிட்டல் குடிமக்களாக வளர்ப்பது எப்படி என்று பன்னிரண்டு பாடம். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வீடியோ, கடைசியில் கேள்வி. எண்பது மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் சர்டிபிகேட் கிடையாது. எங்கள் பள்ளியில் இந்த மாதிரி எது வந்தாலும் ஒரே வழக்கம்தான். எல்லாரும் தங்கள் ஐடியையும் பாஸ்வேர்டையும் துண்டுச் சீட்டில் எழுதி என் மேஜையில் வைத்துவிட்டுப் போவார்கள். கம்ப்யூட்டர் டீச்சர் நான்தானே. "ஒனக்கு என்னம்மா, நாலு தட்டு தட்டினா முடிஞ்சுது." முப்பத்தோரு பேர். அத்தனை பேருக்காகவும் அந்த வீடியோக்களை ஓடவிட்டு, அத்தனை பேருக்காகவும் நான் பதில் போட்டேன். பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது மூன்றாவது பாடம். அதற்கும் முப்பத்தோரு முறை சரியான விடையைத் தட்டினேன். எங்கள் வீட்டுத் தறியில் பாவு நூல் சிக்கிக்கொண்டால் அம்மா உட்கார்ந்து ஒவ்வோர் இழையாகப் பிரிப்பாள். அந்த மாதிரி வேலை. ஆனால் அம்மா பிரித்தால் கடைசியில் ஒரு புடவையாவது வரும்.

கடைசிப் பாடத்தில் மட்டும் ஆசிரியரே வகுப்பில் ஒரு செயல்பாடு நடத்தி, அதைப் படமெடுத்துப் பதிவேற்ற வேண்டும். மற்றவர்கள் கரும்பலகையில் ஏதோ எழுதிப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார்கள். ஆனந்தகுமார் சார் அதை நடத்தப் போன அன்றைக்கு ஜீவிதாவின் பையில் செல்போனைப் பார்த்தார்.

அது ஓடாத போன். திரை நொறுங்கி ரெண்டு நாளாகச் செத்துக் கிடந்தது. அந்த வீட்டுக்கே ஒரே போன் அது. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் குடுத்துவிட்டு வாடி என்று அவள் அம்மா பையில் போட்டு அனுப்பியிருந்தாள். சார் கேட்கவில்லை. போனை நூலில் கட்டி அவள் கழுத்தில் மாட்டினார். பெஞ்சின் மேல் ஏற்றினார். "நான் பள்ளிக்கு செல்போன் கொண்டு வந்தேன், நான் நல்ல மாணவி இல்லை" என்று கை கூப்பிச் சொல்லச் சொன்னார். அழுதுகொண்டே சொன்னாள். தன் போனில் பிடித்தார்.

பாஸ்வேர்டைக்கூட என்னிடம் கொடுத்து வைத்த மனிதர், அந்த வீடியோவை மட்டும் தானே போட்டார். பயிற்சித் தளத்தில் இல்லை, அதற்கு வழி தெரியாது; அங்கே அவர் பேரிலும் ஒரு கரும்பலகைப் படத்தை நான்தான் ஏற்றினேன். பெற்றோர் வாட்ஸாப் குரூப்பில் போட்டார். கீழே ஒரு வரி: செல்போன் ஒழிப்பு விழிப்புணர்வு.

நிமிஷத்தில் கட்டைவிரல்கள். கைதட்டல்கள். "சூப்பர் சார், இப்படித்தான் இருக்கணும்." வகுப்பிலிருக்கிற எல்லாப் பெற்றோரும் பார்த்தார்கள், ஜீவிதாவின் பெற்றோரைத் தவிர. அவர்கள் போன்தான் வீடியோவில், மகள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்ததே. முனிசாமி மறுநாள் டீக்கடையில் யாரோ காட்டித்தான் பார்த்தார்.

அப்புறம் அது ஸ்டிக்கர் ஆனது. எந்தப் பையன் செய்தான் என்று தெரியாது. அழுகிற முகத்தை மட்டும் வெட்டி, கூப்பின கையைக் கீழே ஒட்டி, நீலத்தில் பெரிய கண்ணீர்த் துளி வைத்து, மேலே "சாரி" என்று சிவப்பில் எழுதியிருந்தது. பொம்மை மாதிரி இருக்கும். ஊரில் யார் யாருக்கு சாரி சொல்வதென்றாலும் அந்தப் பிள்ளையின் முகத்தை அனுப்பினார்கள். ஒரு நாள் காலையில் எங்கள் ஆசிரியர் குரூப்பிலேயே வந்தது. சங்கரி மிஸ், "பஸ் லேட்டு" என்று போட்டு, கீழே அதை வைத்திருந்தார். "அய், அழகா இருக்குதே" என்று நாலு பேர் எடுத்து வைத்துக்கொண்டார்கள். அவர்களில் மூன்று பேர் அவளுக்குப் பாடம் நடத்துகிறவர்கள். அவளைத் தெரியவில்லை. நான் குரூப்பில் எழுதினேன்: இது நம்ம ஜீவிதா. யாரும் பதில் போடவில்லை. அதற்குக் கீழே ஒருத்தர் முருகர் படம் போட்டார், அவ்வளவுதான், என் வரி மேலே போய்விட்டது. ஜீவிதா அதற்கப்புறம் பள்ளிக்கு வரவில்லை.

இதுதான் கதை. இப்போது அறைக்கு வருகிறேன்.

"துர்கா," என்றார் தில்லையம்மாள். "ஒனக்கு வேலை கம்ப்யூட்டர். அதைப் பாரு."

"கம்ப்யூட்டர் விஷயம்தான் மேடம் இது."

"வாயைப் பாரு இதுக்கு." ஆனந்தகுமார் சார் முதல் தடவையாக நிமிர்ந்தார். "முதல் பட்டதாரி சலுகையில படிச்சு வந்தவங்களுக்கே கொஞ்சம் திமிரு ஜாஸ்தி மேடம். வூட்ல ஒருத்தரும் படிக்கல இல்ல, அதான் வாத்தியார்னா என்னான்னு தெரியல."

"எங்க வூட்ல படிக்கலைதான் சார். ஆனா எங்கப்பா என்னைக் கழுத்துல எதையும் கட்டி நிக்க வெச்சதில்லை."

"துர்கா!"

"மேடம், ஒரு வரி. அதே குரூப்புல. இல்லைன்னா இன்னிக்குத் திங்கக்கிழமை, கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குற நாள். நான் போறேன்."

தில்லையம்மாள் கோபப்படவில்லை. பின்னால் திரும்பிச் சுவரைக் காட்டினார். கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு சான்றிதழை மாட்டியிருந்தார்கள்: அனைத்து ஆசிரியர்களும் டிஜிட்டல் குடியுரிமைப் பயிற்சி முடித்த பள்ளி. பள்ளித் தாளாளர் தன் பட்டுக்கடைச் செலவில் சட்டம் போட்டுக் கொடுத்தனுப்பினது. ஓரத்தில் கடைப் பெயர்கூட இருந்தது.

"போய்க் குடு. வர்றவங்களுக்கு நான் அதைக் காட்டுவேன். சார் இந்தப் பயிற்சியில நூத்துக்கு நூறு. பயிற்சி எடுத்த வாத்தியாரு, போன் கொண்டாந்த புள்ளை. யாரு பேச்சு எடுபடும்?"

"அந்த நூறு நான் வாங்குனது மேடம்."

"அதையும் போய்ச் சொல்லு. முப்பத்தோரு பேரு பேர்ல போட்டது யாரு கை? உன்னுதுதானே?"

மனு எழுதி வைத்திருந்தேன், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன், என்னென்னவோ பேச யோசித்து வந்தேன். அந்தச் சட்டத்துக்குள்ளே இருந்ததெல்லாம் என் விரல் வேலை என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. அவர்கள் ஒளிந்துகொள்கிற சுவரை நானே உட்கார்ந்து கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

தில்லையம்மாள் வராண்டாப் பக்கம் எட்டிப் பார்த்தார். முனிசாமி பெஞ்சில் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார். மனு, கலெக்டர் என்ற சொற்கள் அவர் காதிலும் விழுந்திருக்கும். மேடம் குரலைத் தாழ்த்தினார்.

"சார், எதுக்கு இந்தத் தலைவலி? ஒரு சாரியைப் போட்டுட்டு முடிங்க. ஒரு வார்த்தைதானே. புள்ளையும் வந்துடும், இதுவும் அடங்கிடும்."

"நானா?"

"ஒரு வார்த்தை சார். ஆடிட் வர்ற நேரம்."

ஆனந்தகுமார் சார் பெருமூச்சு விட்டு போனை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். கொஞ்ச நேரம் திரையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, எப்போதும் செய்கிற மாதிரியே அதை என் பக்கம் நீட்டினார். "தமிழ்ல டைப் பண்ண வரல எனக்கு. நீயே ஏதாவது போட்டுக் குடும்மா."

எனக்கு வெறி வந்துவிட்டது. இதையுமா? இந்த ஒன்றையுமா நான் செய்யணும்?

"நீங்களே போடுங்க சார்."

"என்னம்மா நீ..."

"நீங்க பண்ணது. நீங்களே போடுங்க."

கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். வராண்டாவில் ஜீவிதா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நேற்றுதான் திரை மாற்றி வந்த போன் அவள் மடியில் இருந்தது. நான் அவளைப் பார்த்துத் தலையசைத்தேன். இதோ வருது என்று.

சார் முணுமுணுத்துக்கொண்டே எதையோ தேடினார். "ஆங், இதுல ஒண்ணு இருக்குதே, சாரின்னு எழுதியே இருக்குது." விரலால் ஒரு தட்டு. "போட்டாச்சு மேடம். போதுமா?"

வெளியே டிங் என்றது.

எனக்கு உடனே புரிந்தது. புரிந்து என்ன பண்ண? என் போனை எடுத்துப் பார்த்தேன். பெற்றோர் குரூப். ஆனந்தகுமார் சார் பெயருக்குக் கீழே, கை கூப்பி, நீலக் கண்ணீரோடு, சிவப்பு எழுத்தோடு, ஜீவிதா.

"சார், அது அவதான் சார்! அந்த மூஞ்சி அவ மூஞ்சி!"

"எது?" அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பார்த்தார். நிறம் மாறியது. "அய்யய்யோ. இது அந்தப் புள்ளையா? சங்கரி மிஸ் அனுப்புனதாச்சே, அழகா இருக்குதுன்னு வெச்சேன்..." அவசரமாக அதை அழுத்திப் பிடித்தார். ஏதோ வந்தது, படிக்காமல் தட்டினார். "போயிடுச்சு. எடுத்துட்டேன் மேடம். போயிடுச்சு."

அவர் போனில் போய்விட்டது. அவர் போனில் மட்டும். எனக்கு மட்டும் நீக்கு என்பதைத் தட்டியிருந்தார். என் திரையில் அப்படியே இருந்தது. இனி அவராலும் எடுக்க முடியாது, அந்தக் குரூப்புக்கு அட்மினும் அவர் ஒருத்தர்தான். பகிர்ந்ததைத் திரும்ப எடுக்க முடியுமா என்பது ஒன்பதாவது பாடம். அவர் பெயரில் நான் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

அதற்குள் குரூப்பில் பெற்றோர்கள் கும்பிடு போடத் தொடங்கிவிட்டார்கள். "சார் நீங்க ஏன் சார் சாரி." "யாரு சார் உங்களைக் கேக்க வெச்சது?" ஒருத்தர் சிரிப்பு முகம் நாலு போட்டிருந்தார். அவருக்கு அடையாளம் தெரிந்திருக்கிறது.

வராண்டாவுக்கு ஓடினேன். ஜீவிதா பார்த்து முடித்திருந்தாள். அழவில்லை. போனை அப்பாவிடம் நீட்டினாள். முனிசாமி வாங்கி, தூரத்தில் பிடித்து, உற்றுப் பார்த்தார். அவருக்கு அடையாளம் தெரிய ஒரு நொடிகூட ஆகவில்லை.

"ஜீவிதா, அவரு தெரியாமப் போட்டுட்டாரும்மா. நான் திரும்ப..."

"சார் சாரி கேட்டுட்டாரு மிஸ்," என்றாள். "நீங்க சொன்ன மாதிரியே."

குத்திப் பேசுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை. குத்திப் பேசியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

முனிசாமி எழுந்து வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு அறை வாசலில் நின்றார். "கையெழுத்து எங்க போடணும்மா?"

"கொஞ்சம் உக்காருங்க முனிசாமி," என்றார் தில்லையம்மாள். "ஏதோ கை தவறி..."

"தெரியுதும்மா. பெரியவங்க நீங்க சொன்னா சரிதான். எங்கன்னு காட்டுங்க."

"அண்ணா, வேற ஸ்கூல்லயாவது சேருங்கண்ணா," என்றேன். "பத்தாவதுண்ணா. இன்னும் கொஞ்ச நாள்தான்."

"எந்த ஸ்கூல்ல மிஸ் போனு இல்லை?" என்று கேட்டார். "வாலாஜாபாத்ல எங்க சின்னம்மா வூட்டாண்ட விட்டுடறேன். கொஞ்ச நாள் மூஞ்சி தெரியாத ஊர்ல இருக்கட்டும். படிப்புக்கு இப்ப இன்னா அவசரம்."

காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஜீவிதா துப்பட்டாவை மூக்கு வரைக்கும் ஏற்றிக்கொண்டாள். கேட்டுக்கு வெளியே பட்டுக்கடைகளில் கல்யாணப் புடவை எடுக்க வந்த வெளியூர் கார்கள் வரிசையாக நின்றன. அவற்றின் நடுவே புகுந்து ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் அறைக்குள் போய் என் பையை எடுத்தேன். ஆனந்தகுமார் சார் இன்னும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "போயிடுச்சுதானேம்மா? நீ கொஞ்சம் பாத்து சொல்லேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"எங்கே கிளம்பறே?" என்றார் தில்லையம்மாள்.

"மனு குடுக்க."

"உன் பேரையும் சேத்தா?"

"என் பேரைத்தான் முதல்ல எழுதியிருக்கேன் மேடம்."

அது பொய். காலையில் எழுதின மனுவில் என் பெயர் கடைசியில், கையெழுத்தில்தான் இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து மாற்றி எழுதணும். முப்பத்தோரு பேருக்கு நான் எப்படிப் பாஸ் போட்டேன் என்பதில் தொடங்கி எழுதணும். எழுதினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வாங்கி ஒரு நம்பர் போடுவார்கள். ஒரு நாள் யாராவது வருவார்கள், அந்தச் சட்டத்தைப் பார்ப்பார்கள், டீ குடிப்பார்கள். முதலில் என் வேலை போகும், அப்புறம் ஒன்றும் நடக்காது. ஜீவிதா வரப்போவதில்லை. ஸ்டிக்கர் இன்னும் யார் யாருடைய போனிலோ இருக்கும். தெரிந்துதான் போகிறேன். "நீங்களே போடுங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேனே, அதற்கப்புறம் இந்தக் கட்டடத்துக்குள் எனக்கு உட்கார இடமில்லை.

"துர்கா, நில்லு," மேடம் குரல் வாசல் வரைக்கும் வந்தது. கோபமாகக்கூட இல்லை, நிஜமான கவலையோடு கேட்டார். "அடுத்த பயிற்சி வந்திருக்குதேம்மா. முப்பத்தோரு பேருது. அதை யாரு பண்ணுவாங்க?"

மணி அடித்தது. எட்டாம் வகுப்புக்கு என் பாடவேளை. பிள்ளைகள் கம்ப்யூட்டர் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி "மிஸ்" என்று கூப்பிட்டாள். நான் அப்போது கேட்டைத் தாண்டிவிட்டேன்.