பாவாவின் புதுக் கண்டென்சர்

என் அக்கா வீட்டுக்காரர் கஜபதி பாவாவைப் போல ஒரு பிடிவாதக்காரரைத் திருத்தணியில் தேடினாலும் கிடைக்காது. கிடைத்தால் அந்த ஆளோடும் நான் சண்டை போட்டிருப்பேன். பாவா மைக் செட் வாடகைக்கு விடுபவர். வயலில் வேலை இல்லாத நாளெல்லாம் அவருக்கு ஒலிபெருக்கிக் குழாய் தூக்குவது ஆதிகேசவனாகிய நான்.

ஐம்பத்தைந்தாம் வருஷ ஆடிக் கிருத்திகையில் ஒரு சங்கடம் நடந்தது. பொதட்டூர்பேட்டையில் தறி நெய்கிற பாஞ்சாலியின் மகன் கூட்டத்தில் தொலைந்துபோனான். அன்றைக்கு மலையடிவாரத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு மொட்டை, மொட்டை மேல் சந்தனம். எது எவர் பிள்ளை என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க அந்த முருகனாலேயே முடியாது. பெயரும் ஊரும் சொல்லி அறிவிப்பதுதான் ஒரே வழி. பாவாவும் தமிழிலும் தெலுங்கிலும் தொண்டை வற்ற அறிவித்தார். பாஞ்சாலியோ சரவணப் பொய்கைக் கரையில், எங்கள் குழாய்க்கு நேர் கீழே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்திருக்கிறாள். பொழுது சாயும்போதுதான் யாரோ பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

"உங்க குழா கத்திகினேதாங்க இருந்துச்சு. இன்னா சொல்லுதுன்னுதான் புரியலைங்க," என்றாள் பாவாவிடம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் பாவா அதோடு மறந்திருப்பார்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆம்ப்ளிபயர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருப்பார். கடைசியில், கோளாறெல்லாம் டோன் கண்டென்சரில்தான் என்று முடிவு கட்டினார். சத்தத்தில் கீச்சென்று வருவதை வடித்துவிட்டு இதமாக்குகிற சின்னக் குப்பி அது. எங்கள் பெட்டியில் இருந்தது மெழுகு பூசிய காகிதச் சாமான். மெட்ராஸ் போய் அதே அளவில் சீமைச் சாமான் ஒன்று வாங்கிவந்தார். மாட்டி ஒரு சாமி பாட்டு ரிக்கார்டைப் போட்டார்.

"கேட்டியாடா ஆதி? தேனு!"

எனக்கு நேற்றுக் கேட்ட மாதிரியேதான் இருந்தது. ஆனால் கடைத்தெருவே "ஆங், தேனுதாங்க" என்றது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. கடைத்தெருவுக்கு என்ன வந்தது என்றுதான் எனக்கு எரிச்சல்.

"பாவா, திரும்பி நின்னு கேளு. எது பழசு, எது புதுசுன்னு சொல்லு பாக்கலாம்," என்றேன்.

"சொன்னா இன்னாடா தருவே?" என்று வீறாப்பாகச் சுவரைப் பார்த்து நின்றார். நான் மாற்றி மாற்றி மாட்டினேன். பழசைத் தேன் என்றார். புதுசை மாட்டினால் "இது பழசுடா, கரகரங்குது" என்றார். ஒருமுறை எதையும் மாற்றாமல் மாற்றியதுபோல் சத்தம் மட்டும் காட்டினேன். "இதுதான் புதுசு!" என்று கத்தினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பாவா முகம் செத்துப்போனது. "ரத்தினம், நீ வந்து கேளு," என்று அக்காவைக் கூப்பிட்டார். ரத்தினம்மாள் அக்கா புருஷனை விட்டுக்கொடுக்காதவள். அவர் சொன்னதற்குத் தலையாட்டுவாள் என்றுதான் நானும் நினைத்தேன். அவள் கண்ணை மூடி, நிதானமாகக் கேட்டாள்.

"ரெண்டும் ஒண்ணாதாங்க இருக்குது. அது கெடக்கட்டும், பாட்டையே போட்டுகினு இருக்கீங்களே. அந்தப் பொண்ணுக்குப் புரியாம போனது பாட்டா? பேச்சு தானே?"

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை நாளில் ஒருதரம்கூட மைக்கில் பேசிப் பார்க்கத் தோன்றவில்லை.

அக்கா விடவில்லை. "அந்தச் சாமான் இன்னாதான் செய்யுது?"

"சத்தத்தோட கூர்மைய மழுக்கி இதமாக்குது."

"கூர்மைய மழுக்கினா பேச்சு எப்படிங்க புரியும்? கழட்டிட்டுப் பேசுங்க, பாக்கலாம்."

கழற்றினார். அக்கா தெருக்கோடிக்குப் போய் நின்றாள். பாவா தன் பெயரையும் ஊரையும் சொன்னார். தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி இருந்தது. காது கூசியது. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழுந்தது. தெருக்கோடியிலிருந்து அக்கா அதை அப்படியே திருப்பிக் கத்தினாள்.

வேறொருவராக இருந்தால் அன்றைக்குப் பெண்டாட்டியிடம் எரிந்து விழுந்திருப்பார். பாவா மறுநாள் கடைத்தெருவில் நின்று, "புதுசும் பழசும் ஒண்ணுதாங்க, நான்தான் ஏமாந்துட்டேன். என் சம்சாரம்தான் கண்டுபிடிச்சா," என்று தானாகவே எல்லாரிடமும் சொன்னார். அந்த மனசு எனக்கு வராது. அவரை நான் மதிப்பது அதற்காகத்தான்.

வீட்டு விளக்கு சுவிட்ச் ஒன்றைப் பெட்டியில் பொருத்தினார். பாட்டுக்குக் கண்டென்சர் உள்ளே, அறிவிப்புக்கு வெளியே.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்குப் பாஞ்சாலி வந்தாள். ஒரு துண்டின் ஒரு முனையைப் பிள்ளையின் இடுப்பிலும் மறுமுனையைத் தன் மணிக்கட்டிலும் முடிச்சுப் போட்டிருந்தாள். பையன் கயிறு கட்டின கன்றுக்குட்டியாக இழுத்துக்கொண்டிருந்தான். பாவா அதைப் பார்த்துவிட்டார். சுவிட்சை இன்னொரு தரம் தட்டிச் சரிபார்த்தார்.

உச்சிவேளையில் யாரோ ஒரு பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்கும் மொட்டை, சந்தனம். தன் பெயர் வசந்தி என்று மட்டும் சொல்லத் தெரிந்தது. பாவா சுவிட்சைத் தட்டினார். "வசந்தி. மூணு வயசு. மஞ்சள் பாவாடை. மைக் செட்டாண்ட இருக்குது." அதையே தெலுங்கில் தொடங்கி முடிக்கவில்லை, மலைப்படியிலிருந்து ஒரு பெண் தலைவிரி கோலமாக ஓடிவந்து குழந்தையை வாரிக்கொண்டாள்.

நான் அவளைப் பார்க்கவில்லை. பாவா பார்த்துக்கொண்டிருந்த பக்கம் பார்த்தேன்.

பொய்கைக் கரையில், எங்கள் குழாய்க்குக் கீழே, பாஞ்சாலி தலையை உயர்த்திக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, பல்லால் கடித்து, மணிக்கட்டு முடிச்சை அவிழ்த்துவிட்டாள்.