பதினேழாம் பாத்தி வழியாகப் போகிறவர்கள்

பதினேழாம் பாத்தியை மிதித்துக்கொண்டு போகிறவர்கள் காலை ஏழு மணிக்கு வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏழரை. வரிசையாக வருவார்கள், கீரையை மிதிப்பார்கள், கிழக்கு மதில் வரை போவார்கள். மதிலில் கதவு கிடையாது. அவர்கள் திரும்பி வருவதும் கிடையாது.

இதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. காலனிக் கூட்டுத் தோட்டத்தில் நாற்பது பாத்திகள். ஆளுக்கு ஒரு பாத்தி, பாத்திக்கு ஒரு தொல்லை. ஒருவருக்கு எலி. ஒருவருக்கு உப்புத் தண்ணீர். அமலோற்பவத்துக்கு ஆட்கள்.

அமலோற்பவம் முப்பத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். காலனிக்கு அவள் இன்னமும் சிஸ்டர்தான். வீட்டில் அவள் கணவர் ஞானப்பிரகாசம் படுத்த படுக்கையாக இருந்தார். பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. நடை போனது, பேச்சும் போனது. சோறு இறங்காது, கஞ்சி இறங்காது. பதினேழாம் பாத்தியில் விளைந்த சிறுகீரையைக் கடைந்து ஊட்டினால் மட்டும் வாயைத் திறப்பார்.

சந்தையில் கீரை வாங்கிக் கடைந்து ஏமாற்றிப் பார்த்தாள். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிவிட்டார். இந்த நிலையிலும் மனுஷனுக்கு நாக்கு இவ்வளவு நீளமா என்று அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே சந்தோஷமாகவும் இருந்தது. பாத்தியில் கீரை இருக்கும் வரை அவர் இருப்பார். விஷயம் அவ்வளவுதான்.

முதல் ஆள் வந்தது ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. கையில் டிபன் கேரியர் வைத்திருந்த நடுத்தர வயதுக்காரர். நேராக வந்து கீரையின் நடுவில் காலை வைத்தார். வைத்தவர் உடனே குனிந்து, நசுங்கிய செடியை விரல் நுனியால் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார். பஸ்ஸில் அடுத்தவர் மேல் கால் பட்டால் நாம் எல்லோரும் செய்வதுதான். கீரைக்கு யாரும் செய்து அவள் பார்த்ததில்லை.

"கால் பட்டுடுச்சும்மா" என்றார் அவர்.

"பரவாயில்லைங்க" என்றாள் அமலோற்பவம்.

யோசித்துச் சொன்னதில்லை. சேலையில் வாந்தி எடுத்தவர்களுக்கும், ஊசி போடும்போது எட்டி உதைத்தவர்களுக்கும், செத்துப்போவதற்கு முன்னால் தொந்தரவு கொடுத்துவிட்டேன் என்று வருத்தப்பட்டவர்களுக்கும் முப்பத்திரண்டு வருடமாக அவள் சொல்லிவந்த வார்த்தை அது. வாயைத் திறந்தால் முதலில் அதுதான் வரும்.

மறுநாள் மூன்று பேர் வந்தார்கள். அடுத்த வாரம் இருபது பேர். எல்லோரும் மிதித்தார்கள், குனிந்தார்கள், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு காத்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அவள் பரவாயில்லை என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அழுதுகொண்டும் சொன்னாள். சொல்லாமல் இருக்கத்தான் வரவில்லை.

முள் வெட்டி வேலி கட்டினாள். அவர்கள் வேலியைப் பதமாக நகர்த்தி, உள்ளே வந்து, கடைசி ஆள் திரும்ப அதை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனார். மிதிக்காதீர்கள் என்று பலகை எழுதி நட்டாள். வரிசை நின்று பலகையைப் படித்தது. படிக்கத் தெரியாத ஓர் அம்மாளுக்குப் பின்னால் நின்றவர் வாசித்துக் காட்டினார். அந்த அம்மாள் நல்ல கையெழுத்து என்று பாராட்டிவிட்டுக் கீரையில் இறங்கினார்.

அடுத்த பாத்தி பிச்சமுத்துவுடையது. லாரி ஓட்டி ஓய்ந்தவர். மிளகாய் போட்டிருந்தார். அவர் பாத்தியில் ஒரு தடம் கிடையாது. ஒரே ஒரு நாள் ஒரே ஒருவன் கால் வைத்தானாம், கண்ணு தெரியலையாடா என்று இவர் கேட்டாராம், அதோடு சரியாம். சிஸ்டருக்கு வாய் போதாது என்பது அவருடைய முடிவு. தன் வாயை இரவல் தரவும் தயாராக இருந்தார். ஆனால் பதினேழில் நின்று அவர் கத்தியது எதுவும் வரிசைக்குக் கேட்கவில்லை. பாத்தி அவர் பெயரில் இல்லையே.

முப்பதாம் நாள் காலை கணவரின் உடம்பைத் துடைக்கும்போது மார்பில் ஒரு சேற்றுத் தடம் இருந்தது. செருப்பில்லாத கால், இடது, பெருவிரல் சற்று அகலம். புண்களை விவரித்து எழுதிப் பழகியவள், இதையும் அப்படியே மனதில் எழுதிக்கொண்டாள். வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்தாள். மறுநாள் ஏழு தடங்கள். அதற்கடுத்த நாள் வயிற்றிலும் இருந்தன.

அவருக்கு வலித்ததாகத் தெரியவில்லை. வீட்டுக்கு நிறைய விருந்தாளிகள் வந்துவிட்டதுபோல ஒரு சங்கடம் மட்டும் அவர் முகத்தில் இருந்தது. மெத்தை நாளுக்கு நாள் கீழே இறங்கியது. அவள் பயந்துபோனாள்.

முப்பத்தொன்பதாம் நாள், தோட்டக் கணக்கு பார்க்கும் பாத்திப் பிரிவு அலுவலகத்துக்குப் போனாள். வெளியிலிருந்து பார்த்தால் அது ஒற்றை அறைக் கட்டடம். உள்ளே போனதும் தாழ்வாரம் தொடங்கியது. ஒன்பதரை மணிக்கு நடக்க ஆரம்பித்தாள். பதினொன்றரைக்கும் நடந்துகொண்டிருந்தாள். கோடியில் தெரிந்த கதவு முன்பைவிடச் சின்னதாகியிருந்தது.

வழியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த பியூன் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

"நடக்காதீங்க சிஸ்டர். நடந்தா நீளும். நின்னீங்கன்னா அதுவா வந்துடும்."

நின்றாள். கதவு வந்தது.

உள்ளே கோமதிநாயகம் என்ற எழுத்தர் இருந்தார். சட்டைப் பையில் மூன்று பேனா, மேசையில் ஒரு கோப்பு. வேறு நாற்காலி இல்லை. அமலோற்பவம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மார்பில் விழுந்த தடங்களைப் பற்றிச் சொன்னபோது அவர் கையை உயர்த்தினார். மார்பு தங்கள் பிரிவில் வராது, அதற்கு மாடிக்குப் போக வேண்டும், மாடி இன்னும் கட்டவில்லை என்றார். பாத்தியை மட்டும் பேசச் சொன்னார்.

"மிதிச்சவங்க மன்னிப்புக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் கோப்பை அவள் பக்கம் திருப்பினார். முப்பத்தொன்பது நாளும் தேதி வாரியாக அதில் இருந்தன. ஒவ்வொரு வரியிலும் பரவாயில்லை என்று எழுதியிருந்தது. கையெழுத்து அவளுடையது.

"அது மரியாதைக்குச் சொன்னது சார்."

"எல்லாரும் மரியாதைக்குத்தாம்மா சொல்றாங்க. நாங்களும் மரியாதையாத்தான் பதியறோம்."

பிறகு அவர் சட்டத்தை விளக்கினார். கெட்டவர் இல்லை, பொறுமையாகவே விளக்கினார். நாற்பது நாள் விடாமல் அனுமதி கொடுத்தால் பாத்தி பாதையாகிவிடும். பாதையில் ஒன்றும் முளைக்காது. நாளை நாற்பதாம் நாள். நாளை வருகிறவர்களில் ஒரே ஒருவருக்காவது அந்த வார்த்தை கிடைக்காமல் போனால் எல்லாம் ரத்து, பாத்தி பாத்தியாகவே இருக்கும். வார்த்தை கிடைக்காதவருக்கு வைத்த காலை எடுக்க வராது. அவர் அங்கேயே நிற்பார், அவர் பின்னால் வரிசையும் நிற்கும். மாலை ஆறு மணி வரை நின்றால் போதும்.

அவர்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்டாள்.

"அது எங்களுக்குத் தெரியாதும்மா. வழி மட்டுந்தான் நாங்க பாக்கறோம்."

மறுநாள் நேரில் வந்து பதிவு செய்வதாகச் சொல்லி அவர் கோப்பைக் கட்டினார். அவள் திரும்பினாள். தாழ்வாரம் நான்கு அடிதான் இருந்தது.

மாலையில் கீரை கடைய உட்கார்ந்தாள். ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை. ஊட்டினாள். ஞானப்பிரகாசம் இரண்டு வாய் வாங்கிவிட்டு அவளையே பார்த்தார். அவர் மெத்தைக்குள் வெகு கீழே இருந்தார். அவர் வாய்க்குக் கரண்டி எட்ட அவள் கையை முழங்கை வரை இறக்க வேண்டியிருந்தது. நாளைக்கு ஒரு நாள் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும் என்று அவரிடம் சொன்னாள். எத்தனை பேரைக் காக்க வைக்க நேர்ந்தாலும் சரி, உங்களை விடமாட்டேன் என்றாள். அவர் தலையை ஆட்டினாரா இல்லையா என்று தெரியவில்லை.

காலையில் பீரோவிலிருந்து ஒரு சுருள் கட்டுத்துணி எடுத்து வாயில் திணித்துக்கொண்டாள். தன் நாக்கை அவளே நம்பவில்லை. ஆறரைக்கே பாத்தியில் போய் நின்றாள். பிச்சமுத்து மிளகாய்ப் பாத்தியில் காவல் நின்றார். கோமதிநாயகம் கோப்போடு மதில் ஓரம் நின்றிருந்தார்.

ஏழு மணிக்கு வரிசை வந்தது. அன்று பள்ளிக்கூடத்தைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, கண்ணுக்கு எட்டிய மட்டும் ஆட்கள். தெரு நாய்கள்கூட எழுந்து ஓரமாக நின்றுகொண்டன.

முன்னால் வந்தது வளையல் போட்ட ஒரு பெண். கீரையில் கால் வைத்தாள். குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கால் பட்டுடுச்சுக்கா என்றாள். காத்திருந்தாள்.

அமலோற்பவத்தின் தொண்டையில் அந்த வார்த்தை ஏறி வந்தது. துணியில் முட்டி நின்றது. அவள் விழுங்கினாள். இன்னொன்று வந்தது. அதையும் விழுங்கினாள்.

அந்தப் பெண்ணுக்குக் காலை எடுக்க வரவில்லை. கோபப்படவில்லை. கூந்தலைச் சரிசெய்துகொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் வரிசை முழுவதும் நின்றது. எட்டு மணி ஆயிற்று, ஒன்பது ஆயிற்று, வெயில் ஏறியது. கோமதிநாயகம் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் ரத்துதான் என்று நல்ல மனதோடு சொன்னார். பிச்சமுத்து தூரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்தினார். முப்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு மனுஷியைக் காக்க வைத்திருக்கிறோம் என்று அமலோற்பவத்துக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

மாலை ஐந்தரை மணிக்கு வரிசையின் பின்னால் ஒரு சலசலப்பு. நின்றவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கி யாருக்கோ இடம் விட்டார்கள். உடம்புக்கு முடியாதவர், முன்னால் விடுங்க என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

ஞானப்பிரகாசம் நடந்து வந்தார். கட்டிலில் கட்டியிருந்த அதே லுங்கி, அதே பனியன். பனியனில் சேறு. இரண்டு வருடம் நடக்காதவர் பழைய நடையே நடந்து வந்தார், இடது கையை லேசாக வீசி. அந்தப் பெண்ணின் பக்கத்தில் கீரையில் கால் வைத்தார். மெல்லக் குனிந்தார். செடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நிமிர்ந்து மனைவியைப் பார்த்தபடி நின்றார்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவர் மதிலுக்குப் போய்விடுவார். சொல்லாவிட்டால் இங்கேயே, தன் கண் முன்னால், தன் பாத்தியில் இருப்பார். ஆறு மணிக்கு இன்னும் கால் மணி இருந்தது. நிற்கட்டும் என்று நினைத்தாள். நாளைக்கும் நிற்கட்டும். தண்ணீர் ஊற்றிக்கொள்கிறேன், குடை பிடித்துக்கொள்கிறேன், எனக்கென்ன வேலை.

ஆனால் அவர் முழங்கால் நடுங்க ஆரம்பித்தது. முதலில் லேசாக. பிறகு இடுப்பு வரை. நெற்றியில் வியர்வை துளிர்த்து மூக்கில் இறங்கியது. துடைத்துக்கொள்ள அவர் கை எழவில்லை. நோயாளிகளை நிற்க வைத்துப் பார்த்தவள் அவள். ஒருவரால் இன்னும் எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்று பார்த்ததுமே தெரியும். அவரால் முடியாது. விழவும் முடியாது, கால் பிடிபட்டிருக்கிறது.

அமலோற்பவம் வாயிலிருந்த துணியை உருவினாள். கோமதிநாயகம் பேனாவை எடுத்தார். அவள் கணவருக்குக் கொடுக்கக் கூடாத வார்த்தையை எட்ட ஒதுக்கிவிட்டு, வேறு ஒன்றைத் தேடி எடுத்துக் கேட்டாள்.

"ரொம்ப வலிக்குதாங்க?"

ஞானப்பிரகாசம் உதட்டை அசைத்தார். இரண்டு முறை காற்றுதான் வந்தது. மூன்றாம் முறை குரல் வந்தது. இரண்டு வருடமாக அவள் ஜெபத்தில் வேண்டிக் கேட்ட குரல், கரகரப்புகூட மாறவில்லை. அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"பரவாயில்ல" என்றார்.

கோமதிநாயகம் எழுதிக்கொண்டார். பாத்திக்காரியின் வீட்டுக்காரர் சொன்னாலும் சரிதான், இந்தப் பாத்தியில் நின்று சொன்னால் வரிசை முழுதுக்கும் சேரும் என்று அவர் யாரும் கேட்காமலே விளக்கினார். வளையல் போட்ட பெண் காலை எடுத்து முன்னே போனாள். வரிசை அசைந்தது.

அவர் காலும் எழுந்தது. நடுக்கம் நின்றிருந்தது. தன் காலையே அவர் கொஞ்ச நேரம் ஆச்சரியமாகப் பார்த்தார்.

அமலோற்பவம் தன் முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள். மார்பில் இருந்த சேற்றையும் தட்டிவிட்டாள். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தவில்லை.

"பாத்துப் போங்க" என்றாள்.

அவர் பார்த்துத்தான் போனார். லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடுக்கு பார்த்து, ஒவ்வோர் அடியாக வைத்து. மதில் வரை ஒரு கீரைகூட மிதிபடவில்லை.