கடலை பட்ட கை

உமாதேவிக்கு ரெண்டு வருஷமாகத் தூக்கம் என்பது கொசுறுதான். மகள் யோகலட்சுமிக்குக் கைக்குழந்தையில் முழங்கை மடிப்பில் தொடங்கிய கரப்பான் சொறி, கழுத்து, கால் மடிப்பு என்று இடம் பிடித்துக்கொண்டு கிளம்புவேனா என்றது. கரிசல் புழுதி பறக்கும் மாதங்களில் பிள்ளை சொறிந்தே தலையணையில் ரத்தம் வைக்கும். உமா அதன் ரெண்டு கையையும் பிடித்தபடி உட்கார்ந்தே கண்ணசருவாள்.

வைத்தியம் சொல்லாத வாய் அந்தத் தெருவில் இல்லை. கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது என்று உமாவின் தட்டைக் காலி செய்தார்கள். பால் கொடுத்தவரைக்கும் அவளுக்கு ரசச்சோறுதான். மேலே தடவத்தான் தாராளம். புருஷன் காளிராஜ் கோவில்பட்டியில் கடலைமிட்டாய் போடுகிறவன். கீழே பட்டறை, மாடியில் வீடு. "நம்ம கடலை, நம்ம கண்ணு முன்னால ஆட்டுன எண்ணெய். இத விட்டுட்டு மருந்துக்கடைக் களிம்பு எதுக்கு?" என்று தூக்குவாளி நிறையக் கொண்டுவந்து வைத்தான். காலையும் மாலையும் வெடித்த தோலில் அதைத்தான் தேய்த்தாள், பாவி மகள்.

வெல்லம் சூடு என்று மிட்டாயை மட்டும் பிள்ளைக்குக் காட்டவில்லை. ரெண்டாவது பிறந்தநாளன்று காளிராஜுக்கு ஆசை பொறுக்கவில்லை. ஒரு சிட்டிகை தூளாக்கி நாக்கில் வைத்தான். உதடு வீங்கியது, உடம்பெல்லாம் தடித்தது, மூச்சு கீச்சுக் கீச்சென்றது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகுதான் பிள்ளை அழுதது. அந்த அழுகை உமாவுக்குத் தேனாக இருந்தது.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "கரப்பான் வெறும் தோல் வியாதி இல்லம்மா. உடம்போட காவல் பதறிப்போய் இருக்கு. இப்படிப்பட்ட பிள்ளைகள்ல சிலருக்கு உணவு ஒத்துக்காம போகும், பின்னால மூச்சிளைப்பு வரலாம், தும்மல் வரலாம். தோல்ல என்ன தடவுறீங்க?"

உமா சொன்னாள். அவர் பிள்ளையின் முழங்கை மடிப்பை விரித்துப் பார்த்தார்.

"வெடிச்ச தோல் வழியாப் போன கடலையை உடம்பு எதிரின்னு நினைச்சிருக்கலாம். இனி எண்ணெய் வேண்டாம். கடலை பட்ட கை, கடலை தின்ன வாய், எதுவும் பிள்ளை மேல படக்கூடாது."

கத்தரிக்காய்க்குக் காவல் வைத்துவிட்டுக் கடலையை வாசலில் நின்று வரவேற்றிருக்கிறார்கள். உமாவுக்குத் தன் கையை வெட்டிப் போட்டால் தேவலை என்றிருந்தது.

ஆட்டோவில் காளிராஜ் முணுமுணுத்தான். "ஊருக்கே மிட்டாய் குடுக்கவன் மகளுக்குக் கடலை ஆகாதாம். வெளிய சொல்லிராத ஏட்டி, சிரிப்பானுவ. கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்தாப் பழகிரும்."

"பழகுததுக்குள்ள பிள்ள போயிட்டா என்ன செய்வீக?" சண்டை போடத் தெம்பில்லாமல்தான் கேட்டாள். பட்டறையை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அதற்கும் தெம்பில்லை.

அவன் கொடுக்கவில்லை. ஆனால் மறுவாரம் ஒரு சாயங்காலம், பாகுப் பதம் பார்க்க ஒரு துண்டை மென்றவன், வாயைக்கூடக் கழுவாமல் மாடியேறி வந்து மகளை ரெண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். உதடு பட்ட இடமெல்லாம் கொப்புளித்துக் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அந்தக் கீச்சு.

பிள்ளைக்கு மூச்சு சீரானதும் உமா வெளியே வந்து பார்த்தாள். காளிராஜ் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து, வேட்டி நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தான். உதடு தோலுரிந்து சிவந்திருந்தது.

"எட்டயபுரத்துக்குக் கூட்டிட்டுப் போ. ஒங்க வீட்லயே இரி. பட்டறைக்கு வேற இடம் பாத்துட்டு வந்து கூப்பிடுதேன்" என்றான். அவள் கேட்க நினைத்ததுதான். அவன் வாயாலேயே அது வந்ததும் நிம்மதி வரவில்லை, அசதிதான் வந்தது.

மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்குக் குளித்து, வெளுத்த சட்டை போட்டு வந்தான். பையை ஏற்றி வைத்துவிட்டு எட்டியே நின்றான். ஜன்னலோரம் உமாவின் மடியில் இருந்த பிள்ளை கைகளை நீட்டி, "அப்பா, தூக்கு" என்றது. காளிராஜ் ரெண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தான். விளையாட்டு என்று நினைத்த பிள்ளை கெக்கலித்துத் தானும் கையைத் தூக்கியது. பார்த்தவர்களும் சிரித்தார்கள்.

பஸ் கிளம்பியது. அவன் இன்னும் கையை இறக்கவில்லை.