எட்டுக் கம்பமும் ஒரு தகடும்

"அண்ணே, எங்க பைப்பு ஒண்ணு உங்க வீட்டுக்கு வந்துச்சா?"

மாடசாமியின் வாசலில் நின்று வீரப்பன் இப்படிக் கேட்டதைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒருவரும் மறக்கவில்லை.

வந்திருந்தது. வீரப்பன் ஓட்டிய ட்ரெய்லர் மேட்டில் குலுங்கியபோது கயிறு நழுவி, இருபதடி இரும்புக் குழாய் ஒன்று சரிவில் இறங்கி, மாடசாமி வீட்டுப் பலகைச் சுவரைப் பொத்துக்கொண்டு உள்ளே நுழைந்து, அடுப்பில் கொதித்த முருங்கைக்காய்ச் சாம்பாரைக் கவிழ்த்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டது. மாடசாமியின் மனைவி அம்மாக்கண்ணு அந்த நேரம் கொத்தமல்லி பறிக்கக் கொல்லைப்பக்கம் போயிருந்தாள். அதனால் பிழைத்தாள்.

அன்றிலிருந்து மாடசாமி வீரப்பனோடு பேசவில்லை. அவரோ தோட்டத்தின் ஒரே வெல்டர்.

ஒரு மாதம் கழித்துத் தோட்டத்துத் துரை வீரப்பனை ஆபீசுக்குக் கூப்பிட்டார். புதுத் தண்ணீர்க் குழாய்கள் இருபத்தாறு ரிங்லெட் டவுனில் வந்து கிடந்தன.

"மாடசாமிகிட்ட போய் ட்ரெய்லர சரி பண்ணிட்டுத்தான் ஏத்தணும். கயிறு கட்டுற வேலையெல்லாம் இனிமே வேணாம்" என்றார்.

இருபத்திரண்டு வருடம் கயிறு கட்டிய கை வீரப்பனுடையது. மனம் வெந்தாலும் பட்டறைக்குப் போனான். மாடசாமி தலையைத் தூக்காமலே, "மொதல்ல ஒன் மதினிகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வா" என்றார்.

போனான். அம்மாக்கண்ணு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "செவுரு போனா போவுது. மலையடி தாப்பாவுலருந்து வந்த முருங்கக்கா, வீரப்பா. ஒரு துண்டுகூட வாயில வைக்கல." பிறகு ஒரு நிபந்தனை போட்டாள். "பைப்பு எடுக்கப் போறப்ப நானும் வருவேன். நீ எப்படிக் கட்டுறன்னு என் கண்ணால பாக்கணும்."

இரண்டு நாள் பட்டறையில் பொறி பறந்தது. தட்டையான ட்ரெய்லரின் இரண்டு பக்கமும் நான்கு நான்காக எட்டு இரும்புக் கம்பங்கள் எழுந்தன. முன்பக்கம், லோரித் தலையின் முதுகுக்குப் பின்னால், ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புத் தகடு. குழாய் உருளாமலிருக்கக் குறுக்கே மரக்கட்டைகள், ஓரத்தில் ஆப்புகள். கயிற்றுக்குப் பதில், கைப்பிடியை அடித்து இறுக்கும் அகலமான பெல்ட்டு நான்கு.

"கல்யாணப் பொண்ணுக்கு நக போட்ட மாதிரி இருக்கு லா" என்றான் வீரப்பன்.

"நக போடாம அனுப்புன பொண்ணுதான் என் வீட்டுல வந்து படுத்துச்சு" என்றார் மாடசாமி. "கவனமா கேளு. கம்பத்துக்கு மேல ஒரு பைப்பும் ஏறக்கூடாது. கொஞ்ச தூரம் ஓட்டுனதும் நிறுத்தி, பெல்ட்ட மறுபடி இறுக்கு. பாரம் குலுங்கி உக்காந்ததும் எல்லாம் தொளதொளன்னு ஆயிரும்."

ரிங்லெட்டில் அம்மாக்கண்ணு பெல்ட்டுகளை எண்ணினாள், ஆப்புகளைக் காலால் உதைத்துப் பார்த்தாள், குழாய்களின் வால்நுனியில் சிவப்புத் துணியை அவளே கட்டினாள். அப்புறம் மூன்று கிலோ பழுத்த தக்காளி வாங்கி, கூடையோடு மடியில் வைத்துக்கொண்டு லோரியில் ஏறினாள்.

பெல்ட்டை இறுக்க நிறுத்த வேண்டிய இடத்தில் ஒரு தேநீர்க் கடை. உள்ளே நான்கைந்து லோரிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பார்க்க, நேற்றுப் பழகியவன்போல இறங்கிப் பெல்ட்டைத் தட்டிக்கொண்டிருப்பதா? வீரப்பன் நிறுத்தவில்லை.

"நிறுத்தலையா?"

"மேல போய் பாத்துக்கலாம் மதினி."

அடுத்த இறக்கத்தின் வளைவில், நடுரோட்டில் ஒரு கார் நின்றது. கோலாலம்பூரிலிருந்து வந்த இளம் ஜோடி ஒன்று, தேயிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. வீரப்பன் பிரேக்கில் ஏறி நின்றான்.

பின்னால் 'டங்' என்று ஒரு சத்தம். மறுநொடி அவன் நெஞ்செல்லாம் சிவப்பு. கழுத்தில் ஏதோ குளுகுளுவென்று வழிந்தது. குழாய் வந்துவிட்டது என்றே நினைத்தான்.

"மதினி, நான் போயிட்டேன்."

"எங்க போன? இங்கதான இருக்க. அது தக்காளி."

வெளியே அந்தப் பெண் வீறிட்டாள். அவள் கணவன் ஓடி வந்து, "அண்ணே, அம்புலன்ஸ் கூப்பிடவா?" என்றான்.

"மொதல்ல கார எடுப்பா!" என்று அம்மாக்கண்ணு ஜன்னலில் தலையை நீட்டினாள். "எல்லாத்தையும் கட்டுனோம், இந்தக் கூடைய கட்டாம வுட்டுட்டோம்."

வீரப்பன் சிரித்துக்கொண்டே இறங்கினான். பின்பக்கம் போனதும் சிரிப்பு நின்றது. எட்டுக் கம்பங்களுக்குள் எல்லாக் குழாய்களும் இருந்தன. ஆனால் இரண்டு பெல்ட்டுகள் தொங்கின. நடுவில் இருந்த ஒரு குழாய் ஒரு சாண் முன்னால் வழுக்கித் தகட்டை மோதியிருந்தது. தகட்டில் கிண்ணம்போல ஒரு புடைப்பு. சரியாக அவன் இருக்கைக்குப் பின்னால், கழுத்து உயரத்தில்.

புடைப்பைத் தொட்டான். பிறகு தன் பிடரியைத் தொட்டான். அப்படியே ரோட்டோரப் புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

அம்மாக்கண்ணுவும் வந்து பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்தது. திட்டுவாள் என்று தலைகுனிந்தான்.

"எந்திரி" என்றாள் மெதுவாக. "எந்தக் கைப்பிடிய இழுக்கணும்னு சொல்லு. நானும் புடிக்கிறேன்."

தோட்டம் போய்ச் சேருமுன் மூன்று தடவை நிறுத்தினான். பின்னால் காய்கறி லோரிகள் வரிசைகட்டி ஹாரன் அடித்தன. அடிக்கட்டும் என்று ஒவ்வொரு பெல்ட்டையும் தட்டிப் பார்த்த பிறகே ஏறினான்.

பட்டறை வாசலில் மாடசாமி அவன் சட்டையைப் பார்த்து ஓடி வந்தார்.

"தக்காளிண்ணே" என்றான் வீரப்பன். பிறகு தகட்டைக் காட்டினான். "நீங்க சொன்ன எடத்துல நான் நிறுத்தல. எம்மேலதான் தப்பு."

மாடசாமி புடைப்பை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். லோரியிலிருந்து காலிக் கூடையோடு இறங்கும் மனைவியை ஒருமுறை பார்த்தார்.

"தகடு கனம் பத்தல" என்றார். "ரெட்டையா போடணும்."

"இன்னிக்கே போட்டுருவோம்ணே."

"துரைகிட்ட கேக்கணும்."

"துரைகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க தகட்ட எடுங்க."

பட்டறை மூலையில் சாய்ந்திருந்த கனமான தகட்டின் ஒரு முனையை, தக்காளிச் சட்டையோடேயே வீரப்பன் போய்ப் பிடித்தான். மறுமுனையை மாடசாமி பிடித்தார்.